தொடையில் ஒரு சிவப்புப் பட்டை: சிரைப் பசைக்குப் பின் வந்த ஒவ்வாமை – ஒரு நிகழ்வு ஆய்வு

வலது தொடையின் உட்புறம், முழங்காலுக்குச் சற்று மேலே தொடங்கி இடுப்பு மடிப்புக்கு நாலு விரல்கடை கீழே வரை ஒரு சிவப்புப் பட்டை. மூன்று விரல் அகலம் இருக்கும். மருதாணிக் கூம்பால் ஒரே இழுப்பாக இழுத்த கோடு கைபட்டுக் கலைந்த மாதிரி ஓரங்கள் மங்கியிருந்தன. தொட்டால் இளஞ்சூடு. அழுத்திப் பார்த்தேன், முகம் சுளிக்கவில்லை. "வலிக்கல டாக்டரம்மா. அரிப்புதான் உசிர எடுக்கு" என்றார்.

வயது 46. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் மும்பை தாராவியில். வீட்டில் இட்லி வியாபாரம். விடிகாலை 3 மணிக்கு எழுந்து அடுப்பு முன்னால் நின்றால் 8 மணிக்குத்தான் உட்காருவார். மகன் சைக்கிளில் எடுத்துக்கொண்டு மாட்டுங்கா, சயான் பக்கம் விற்கப் போவான். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன்.

இரண்டு பிரசவத்துக்குப் பிறகு இரண்டு காலிலும் 'நரம்பு சுருட்டல்'. நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், ஆனால் சுருண்டிருப்பது நரம்பு இல்லை, சிரை. இந்த ஒரு சொல்லால் நரம்பு டாக்டரிடம் போய் நாலைந்து மாதம் சுற்றிவிட்டு வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தை மேலே ஏற்றும் குழாய்கள் சிரைகள். உள்ளே ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் உண்டு. அவை தளர்ந்தால் ஏறிய ரத்தம் திரும்பக் கீழே வழிந்து தேங்கும், குழாய் புடைத்துச் சுருளும். மணிக்கணக்காக நின்று வேலை செய்கிறவர்களுக்கும் குழந்தை பெற்றவர்களுக்கும் இது அதிகம். இவருக்கு வலது கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து, புண் வரப்போகும் நிலை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், தொடையின் உட்புறமாக ஓடும் நீளமான மேற்புறச் சிரையில் ரத்தம் தெளிவாகத் திரும்பி வழிந்தது. அரை வினாடிக்கு மேல் திரும்பி ஓடினாலே கோளாறு என்பார்கள்.

அந்தச் சிரையை மூடத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மூடுவதற்கு இப்போது பல வழிகள். லேசராலோ ரேடியோ அலைவரிசையாலோ உள்ளே சுடுவது ஒன்று. அதற்குச் சிரையைச் சுற்றி வரிசையாக மரத்துப்போகும் ஊசி போட வேண்டும், முடிந்த பிறகு இறுக்கமான காலுறை போடச் சொல்வார்கள். இன்னொன்று பசை. முழங்கால் பக்கம் ஒரே ஒரு ஊசித் துளை. அதன் வழியே மெல்லிய குழாயைச் செருகி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, அது ஆழத்தில் ஓடும் பெரிய தொடைச் சிரையோடு சேரும் இடத்துக்கு 5 செ.மீ. முன்னால் நிறுத்துவார்கள். அங்கே 0.1 மி.லி. பசை, ஒரு சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு 0.1, பிறகு மூன்று நிமிடம் மேலிருந்து அழுத்திப் பிடிப்பார்கள். அப்புறம் மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டு, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிட அழுத்தம் என்று கீழே இறங்கி வருவார்கள். முழுச் சிரைக்கும் ஒன்றிரண்டு மி.லி. போதும். சுடுவது கிடையாது, காலுறையும் பெரும்பாலும் வேண்டாம், அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். மும்பையின் அக்டோபர் புழுக்கத்தில், இட்லிக் கொப்பரை முன்னால் நிற்கப்போகிற ஒருவரிடம் தொடை வரை காலுறை போடு என்று யார் சொல்வது? அவர் பசையைத் தேர்ந்தெடுத்ததில் தப்பே இல்லை. நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தசரா சமயத்தில் செய்துகொண்டார். நாலாம் நாள் மறுபடி அடுப்பு முன்னால் நின்றார்.

ஒன்பதாம் நாள் அரிப்பு. பத்தாம் நாள் சிவப்பு. பக்கத்து மருத்துவர் 'இன்ஃபெக்‌ஷன்' என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். நாத்தனார் கருவாட்டைக் குற்றம் சொன்னார். கருவாடு, கத்தரிக்காய் இரண்டையும் நிறுத்தினார்கள். மூன்று நாள் மாத்திரை போட்டும் சிவப்பு குறையாமல் மேலே ஏறியதால், பதின்மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

கிருமியா, ரத்தக் கட்டியா, ஒவ்வாமையா

காலில் சிகிச்சை முடிந்து இரண்டு வாரத்துக்குள் சிவந்தால் நாலு விஷயங்களை யோசிக்க வேண்டும். முதலில் ஆபத்தானதைக் கழித்துக் கட்டுவது. ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருந்தால் கெண்டைக்கால் வீங்கி இறுகும். இவருக்குக் கெண்டைக்கால் மிருதுவாக இருந்தது. இருந்தாலும் கண்ணையும் கையையும் மட்டும் நம்பி விடக் கூடாது என்பதால் அன்றே டாப்ளர் எடுக்கச் சொன்னேன். ஆழ்சிரை சுத்தம். பசை வைத்த சிரை முழுக்க மூடியிருந்தது, பசை பெரிய சிரைக்குள் எட்டிப் பார்க்கவும் இல்லை.

கிருமித் தொற்று என்றால் காய்ச்சல், தொட்டால் வலி, நாளுக்கு நாள் எல்லாப் பக்கமும் பரவுதல் இருக்க வேண்டும். இவருக்குக் காய்ச்சல் இல்லை. வெள்ளணு 8,200, இயல்பு. அதில் ஈசினோஃபில் மட்டும் 8 சதவீதம், ஒவ்வாமையில் ஏறும் அணு அது. உடலில் அழற்சி இருந்தால் ஏறும் சிஆர்பி லேசாக ஏறியிருந்தது, அதை வைத்து எந்தப் பக்கமும் பேச முடியாது.

சிரை அழற்சி என்பது மூன்றாவது. மூடிய சிரை உள்ளேயே வெந்துபோய், தோலுக்கடியில் கயிறு மாதிரி தட்டுப்படும், தொட்டால் துடிப்பார்கள். வலிதான் அங்கே தலைவர், அரிப்பு இல்லை.

நான்காவது ஒவ்வாமை. அது எதற்கு என்பதில்தான் ஆள் ஏமாறுவார். ஒட்டிய பிளாஸ்திரிக்கு, துடைத்த கிருமிநாசினிக்கு, ஸ்கேன் ஜெல்லுக்கு, ஏன், வீட்டில் தடவிய தைலத்துக்குக்கூட வரலாம். ஆனால் பிளாஸ்திரி ஒவ்வாமை பிளாஸ்திரியின் வடிவத்தில் வரும், சதுரமாக. கிருமிநாசினி என்றால் துடைத்த இடம் முழுக்க, கால் சுற்றிலும் வரும். இவருக்கு ஊசித் துளை போட்ட இடத்தில் ஒன்றுமில்லை. கெண்டைக்காலில் ஒன்றுமில்லை. சிரை போகிற பாதையில் மட்டும், பசை வைத்த நீளத்துக்கு மட்டும். தொடையின் கீழ்ப்பகுதியில் சிவப்பு அடர்த்தி. ஸ்கேன் படத்தைப் பார்த்தால் அங்கேதான் சிரை சவ்வுறைக்கு வெளியே வந்து தோலை ஒட்டி ஓடுகிறது. தோல் நோயில் வடிவம்தான் பாதி நோயறிதல் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு அது வீண்போகவில்லை.

இது தாமத வகை ஒவ்வாமை. பெனிசிலின் ஊசி போட்ட அஞ்சு நிமிடத்தில் மூச்சு முட்டுமே, அந்த வகை இல்லை. இதில் வேலை செய்வது உடலின் எதிர்ப்புப் படையான டி-செல்கள், அவை கூடி வர நாளாகும். பசை வைத்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத் தலைகாட்டுவது இதன் வழக்கம். அதனால்தான் நோயாளியும் மருத்துவரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. ஒன்பதாம் நாள் அரித்தால் எட்டாம் நாள் சாப்பிட்ட கருவாடுதான் கண்ணில் படும்.

ஆன்டிபயாடிக்கை நிறுத்தினேன். கருவாட்டைத் திரும்பக் கொடுத்தேன். அவர் எடை 61 கிலோ, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 30 மி.கி. காலையில் ஒரு வேளை, ஐந்து நாள், பிறகு குறைத்து மொத்தம் பத்து நாள். தூக்கம் வராத ஒவ்வாமை மாத்திரை ஒன்று. பழைய வகை கொடுத்தால் 3 மணிக்குக் கொதிநீர் முன்னால் தூங்கி விழுவார். மூன்றாம் நாள் போனில் மகன், "அம்மா ராத்திரி தூங்கினாங்க" என்றான். பத்தாம் நாள் சிவப்பு போய்ப் பழுப்பு நிறம் மட்டும் மிச்சம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

விரல்

மாத்திரை முடிந்து ஆறாம் நாள் திரும்பி வந்தார். அதே இடம், அதே அரிப்பு, கொஞ்சம் குறைவாக. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். கவரிங் கம்மல் ஒத்துக்கொள்ளாவிட்டால் கம்மலைக் கழற்றிவிடலாம். தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கழுவிவிடலாம். தொட்டதை விலக்குவதுதான் தொடு ஒவ்வாமைக்கு முதல் மருந்து. இங்கே தொட்டது சிரைக்குள் கெட்டியாகி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீராய்டு அந்த டி-செல் படையை அடக்குமே தவிர, படை எதைப் பார்த்துப் புறப்பட்டதோ அது அங்கேயேதான் இருக்கும். உலகில் சிலருக்கு, எந்த மருந்துக்கும் அடங்காமல், பசையோடு சேர்த்துச் சிரையையே அறுத்து எடுக்க வேண்டி வந்திருக்கிறது.

மறுபடி ஸ்டீராய்டு என்றால் இம்முறை மெதுவாக, நாலு வாரம் இழுத்துக் குறைக்க வேண்டும். முன்பே எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1, சர்க்கரை நோயின் வாசற்படி. அதனால் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொன்னேன். நர்ஸ் வலது ஆள்காட்டி விரலைப் பிடித்தார், விட்டார். கட்டை விரலைப் பிடித்தார், விட்டார். "மேடம், குத்த இடமே இல்ல" என்றார்.

அப்போதுதான் அந்தக் கையை ஒழுங்காகப் பார்த்தேன். முதல் வருகையில் தொடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். தோல் டாக்டர் நோயாளியின் உள்ளங்கையைப் பார்க்காமல் அனுப்பியது என் தப்பு, வேறு யார் தலையிலும் போட முடியாது. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றின் நுனியும் காய்ந்த எலுமிச்சைத் தோல் மாதிரி கெட்டித்து, குறுக்கே வெடித்திருந்தது. ரேகை தேய்ந்து மழமழ என்றிருந்தது. ஆள்காட்டி விரல் நகத்தின் முனை சதையை விட்டுத் தூக்கியிருந்தது. இடது கையில் அவ்வளவு இல்லை.

"இது எத்தனை நாளா அக்கா?"

"அது கிடக்கு ரெண்டு மூணு வருசமா. ரேஷன் கடையில மெஷின் என் வெரல எடுக்கவே மாட்டேங்கு. மகன் வந்து வெச்சாத்தான் அரிசி" என்று சிரித்தார்.

இட்லி மாவு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு எல்லாம் கையைக் கெடுக்கும். ஆனால் அவை இரண்டு கையையும் கெடுக்கும், மூன்று விரல் நுனியை மட்டும் தேர்ந்தெடுக்காது. மத்தியானம் என்ன வேலை என்று கேட்டேன். இட்லி வேலை முடிந்ததும் வீட்டிலேயே உட்கார்ந்து கவரிங் கம்மலில் கல் ஒட்டுகிறாராம், ஆறு வருடமாக. ஒரு சொட்டுப் பசை, ஒரு கல். விரலில் ஒட்டிக்கொண்டால் பிளேடால் சுரண்டி எடுப்பது, இல்லையென்றால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் துடைப்பது. என்ன பசை? பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குமே, செருப்பிலிருந்து டீ கப் கைப்பிடி வரை எல்லாம் ஒட்டும் சின்ன டியூப், அதேதான்.

அந்த டியூபுக்குள் இருப்பது எத்தில் சயனோஅக்ரிலேட். சிரைக்குள் வைத்தது பியூட்டில் சயனோஅக்ரிலேட். சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை.

இந்தக் குடும்பத்தின் பூர்வீகமே வேடிக்கையானது. 1942-இல், உலகப் போர் நடுவே, அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளரின் குழு துப்பாக்கியின் குறிபார்க்கும் கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இது அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டது, உபத்திரவம் என்று தூக்கிப் போட்டார்கள். 1951-இல் மறுபடி கையில் எடுத்தார்கள், 1958-இல் பசையாகவே கடைக்கு வந்தது. வியட்நாம் போரில் காயத்தின் ரத்தத்தை நிறுத்த இதைத் தெளித்திருக்கிறார்கள். காற்றிலும் உடலிலும் உள்ள ஈரம் பட்டாலே மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாகிக் கெட்டிப்படும். ரத்தத்தில் ஈரத்துக்குக் குறைவா? எத்தில் வகையின் சங்கிலி சீக்கிரம் உடையும், உடையும்போது ஃபார்மால்டிஹைடு கசியும். பியூட்டில் வகையில் பக்கக் கிளை நீளம், அதனால் மெதுவாக உடையும், திசுவைக் குறைவாகச் சீண்டும். அதனால்தான் உடலுக்குள் அது. மூளையின் ரத்தக்குழாய்க் கோளாறுகளை அடைக்கவும், வயிற்றுக்குள் வெடிக்கும் சிரைகளை அடைக்கவும் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. கால் சிரைக்கென்று செய்த வெனாசீல் என்ற தயாரிப்புக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. இவருக்கு வைத்தது எந்தத் தயாரிப்பு என்பது இந்த ஆய்வுக்கு முக்கியமில்லை, வேதிப்பொருள் ஒரே இனம்.

இந்தப் பசைக்கு ஒவ்வாமையே வராது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். தோலில் பட்ட மாத்திரத்தில் மேல்தோலின் கெரட்டினோடு ஒட்டிக் கெட்டியாகிவிடுகிறதே, உள்ளே எப்படிப் போகும் என்பது வாதம். தினமும் பட்டால், வெடிப்பு இருந்தால், போகும். ஒட்டு இமை வைக்கும் பார்லர் பெண்கள், ஒட்டு நகம் வைத்துக்கொள்பவர்கள், வெட்டுக்காயத்துக்குத் தையலுக்குப் பதில் பசை போட்டவர்கள் என்று நிறைய ஆட்கள் பதிவாகியிருக்கிறார்கள். சயனோஅக்ரிலேட்டுக்கு முன்பே ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சிரைப் பசை வைக்கக் கூடாது என்று தயாரிப்பின் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறது.

அப்படியென்றால் மருத்துவமனையில் கேட்கவில்லையா? கேட்டிருக்கிறார்கள். மகன் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஆங்கிலத்தில் நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒவ்வாமை உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று டிக். ஒரு சிஸ்டர் இந்தியில் "கிஸி சீஸ் ஸே அலர்ஜி ஹை?" என்று கேட்டாராம், இவர் "நஹீ" என்றாராம். எனக்கு அதில் யாரையும் திட்டத் தோன்றவில்லை. அலர்ஜி என்றால் அவர் அகராதியில் இறால் சாப்பிட்டால் தடிப்பது, மாத்திரை போட்டால் முகம் வீங்குவது. வேலை செய்கிற கை வெடிப்பது அலர்ஜி என்று யார் அவருக்குச் சொன்னார்கள்? கல் ஒட்டுகிற எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது, அது வேலையோடு வருவது என்றுதான் இருந்திருக்கிறார். கேள்வி சரியான கேள்விதான், ஆனால் சரியான பதில் வராத கேள்வி. என் கிளினிக் படிவத்திலும் அதே கேள்விதான் இருந்தது. இப்போது அதற்குக் கீழே கையால் எழுதி வைத்திருக்கிறேன்: 'கையில் என்ன பசை படும்? நகம், இமை ஒட்டியதுண்டா? பிளாஸ்திரி போட்ட இடம் அரித்ததுண்டா?'

சோதனை

கல் ஒட்டுவதை நிறுத்தச் சொன்னேன். இரண்டாம் சுற்று ஸ்டீராய்டு நவம்பர் கடைசியில் முடிந்தது. சர்க்கரை ஒரு வாரம் 160 வரை ஏறி இறங்கியது. சிவப்பு திரும்பவில்லை.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அறியப் பொருளை முதுகில் ஒட்டிப் பார்ப்பது ஒட்டுச் சோதனை. அதை ஸ்டீராய்டு ஓடும்போது செய்தால் பொய்யாக 'இல்லை' என்று வரும். அதனால் காத்திருந்தோம். ஜனவரியில், தாராவி 90 ஃபீட் ரோட்டில் தெருவோரம் அடுப்பு வைத்துப் பொங்கலிட்ட கையோடு வந்தார். எத்தில் சயனோஅக்ரிலேட் 10 சதவீதம் வாசலினில் கலந்தது, கூடவே அக்ரிலேட் வகைகள் சில, ரப்பர், ஃபார்மால்டிஹைடு, நிக்கல். முதுகில் ஒட்டி 48 மணி நேரம், முதுகில் தண்ணீர் படக் கூடாது. பிரித்ததும் லேசாகச் சிவந்திருந்தது. 96 மணி நேரத்தில் எத்தில் சயனோஅக்ரிலேட் இருந்த வட்டத்தில் சிவப்பு, தடிப்பு, குருணை குருணையாக நீர்க்கொப்புளம். இரண்டு பிளஸ், அதாவது தெளிவான ஒவ்வாமை. நிக்கலும் ஒரு பிளஸ், கவரிங் வேலை செய்கிறவருக்கு அது வியப்பில்லை. மற்றவை எதுவும் எழும்பவில்லை.

இதை வைத்து எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான் சோதித்தது எத்தில், சிரையில் இருப்பது பியூட்டில். விரலில் ஆறு வருடம் பட்டது முதலில் டி-செல் படையைத் தயார் செய்தது, சிரையில் வைத்ததைப் பார்த்ததும் படை புறப்பட்டது என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொருந்தும் விளக்கம். ஆனால் முன்பு எந்தப் பசையும் படாதவர்களுக்கும் சிரைப் பசைக்குப் பின் இதே சிவப்பு வருகிறது, ஏனென்றால் பசை உள்ளேயே தங்கி இரண்டு வாரத்தில் தானே படையைத் தயார் செய்யவும் போதுமான நாள் உண்டு.

எவ்வளவு பேருக்கு வரும்? யார் எதை எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 222 பேர். மூன்று மாதத்தில் பசை வைத்தவர்களில் 99 சதவீதம் பேருக்குச் சிரை மூடியிருந்தது, ரேடியோ அலைவரிசையில் 96. சிரை அழற்சி என்று எழுதியது பசையில் 20 சதவீதம், மற்றதில் 14. அந்த 20-க்குள் எத்தனை உண்மையில் ஒவ்வாமை என்ற சந்தேகம் பிறகுதான் எழுந்தது. பின்னால் ஒவ்வாமையைத் தனியாக எண்ணிய ஓர் அமெரிக்க ஆய்வில் சுமார் 6 சதவீதம், அதிலும் பெரும்பாலானவை லேசானவை. அழற்சி போலத் தெரியும் எல்லாச் சிவப்பையும் சேர்த்து எண்ணிய கொரிய ஆய்வில் ஏறத்தாழ கால்வாசி. அரிப்பா வலியா என்று எழுதி வைக்காத ஆய்வை நான் இப்போதெல்லாம் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

இடது கால்

இடது காலிலும் சிரை கெட்டிருக்கிறது. பசை இனி அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்று பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். பல் டாக்டர், பிரசவ டாக்டர், காயத்துக்குப் பசை போடுகிற அவசரப் பிரிவு எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று மகனிடம் இரண்டு தடவை சொன்னேன். ரேடியோ அலைவரிசைக்குத் தேதி கேட்டிருக்கிறார்கள். காலுறை போட வேண்டும் என்பதால் குளிர் போவதற்குள் முடித்துவிடலாம் என்றேன். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, அது முடியட்டும் என்று தள்ளிப் போட்டுவிட்டார். மும்பையில் அதற்குள் வெயில் வந்துவிடும்.

வலது தொடையில் சிரை மூடியேதான் இருக்கிறது, கணுக்கால் கறுப்பு சற்றே வெளுத்திருக்கிறது. பசை தன் வேலையைச் செய்துவிட்டது என்பதையும் எழுதத்தான் வேண்டும். உள்ளே இருக்கும் பசையைச் சுற்றி மாதங்கள் கழித்துக் கட்டி திரண்டு, தோலைப் பிளந்து வெளிவந்த நிகழ்வுகளும் உண்டு என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவிப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.

கல் ஒட்டும் வேலையை முழுதாக விட முடியவில்லை. ஒரு வாரம் பருத்திக் கையுறை போட்டு ஒட்டிப் பார்த்தாராம். நல்ல வேளையாகப் போனில் சொன்னார், உடனே கழற்றச் சொன்னேன். இந்தப் பசை பஞ்சில் பட்டால் குபீரென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும். நைட்ரைல் கையுறை போட்டால் சின்னக் கல் கைக்கு அகப்படவில்லையாம். இப்போது மணி கோர்க்கும் வேலைக்கு மாறியிருக்கிறார், கூலி குறைவு.

போன வாரம் வந்தபோது மூன்று விரலையும் நீட்டிக் காட்டினார். வெடிப்பு மூடியிருக்கிறது, கோடுகள் மெல்லத் தெரிகின்றன. ரேஷன் மெஷின் நடுவிரலை எடுத்துக்கொண்டதாம். "பெருவெரல இன்னும் எடுக்க மாட்டேங்கு டாக்டரம்மா" என்றார்.